மூன்று மில்லிமீட்டர் பள்ளம்

பணி ஓய்வு பெற்றால் ஈசிஜி காகிதத்திடமிருந்து விடுதலை கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். வாட்ஸ்அப் இருக்கும்வரை அது நடக்காது. சொந்தக்காரர், சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர், பக்கத்துத் தெருக்காரர் என்று யார் யாரோ கசங்கிய காகிதத்தைக் கோணலாகப் படம் பிடித்து அனுப்பி, "அக்கா, பயப்படும்படி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, டெக்னீசியன். எடுத்துக் கொடுப்பது என் வேலை, பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை என்று எல்லோருக்கும் ஒரே பதிலைத் தட்டிவிடுவேன். தட்டிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன் என்பது வேறு விஷயம்.

போன மாதம் பழைய தோழி ஒருத்தியிடமிருந்து வந்த செய்தியில் படம் இல்லை, கேள்வி மட்டும்தான். அவளுடைய பேத்திக்கு இரண்டு மாதம். பால் குடிக்கும்போது மூச்சு வாங்குகிறது. டாக்டர் ஈசிஜி எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். "கைக்குழந்தைக்கு எதற்கடி ஈசிஜி? அதற்கு என்ன மாரடைப்பா வரப்போகிறது? சும்மா காசு பிடுங்கப் பார்க்கிறார்களா?" பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன். அந்தப் பேத்திக்குச் சின்ன ஓட்டை ஒன்றுதான், வளர வளரத் தானே மூடிக்கொள்ளும் வகை என்று எக்கோ என்ற இதய ஸ்கேனில் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு விடை, வரும் என்பதுதான். கைக்குழந்தைக்கும் மாரடைப்பு வரும்.

கொழுப்பு அடைத்து வருவதில்லை அது. இதயம் உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்புகிறது அல்லவா, அந்த இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்க இரண்டு குழாய்கள் தனியாக இருக்கின்றன: வலது இதயத் தமனி, இடது இதயத் தமனி. இரண்டும் பெருந்தமனி இதயத்தைவிட்டுக் கிளம்புகிற இடத்திலேயே முளைக்கவேண்டும். சில குழந்தைகளுக்குக் கருவிலேயே இடம் தவறி, இடது தமனி பக்கத்திலிருக்கும் நுரையீரல் தமனியிலிருந்து முளைத்துவிடுகிறது. டாக்டர்கள் இதை அல்காபா என்று சுருக்கிச் சொல்வார்கள். ஏறத்தாழ 3 லட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்பது புத்தகக் கணக்கு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. அப்படியானால் ஆண்டுக்கு மூன்று குழந்தைகள். அந்த மூன்றில் எத்தனை பேருக்குச் சரியான பெயரில் நோய் எழுதப்படுகிறது என்பதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பிறந்தவுடன் இந்தக் குழந்தையைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. நன்றாக அழும், நன்றாகக் குடிக்கும், எடை சரியாக இருக்கும். இப்போதெல்லாம் பிறந்த குழந்தையின் காலில் விளக்கு மாதிரி ஒன்றைக் கட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிறார்கள். அதிலும் பிடிபடாது, ஏனென்றால் உடம்புக்குப் போகும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவே இல்லை. வயிற்றில் இருக்கும்போது எடுத்த ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரிவதில்லை.

காரணம், முதல் சில வாரங்களில் நுரையீரல் தமனியில் அழுத்தம் அதிகமாகவே இருக்கிறது. தவறான இடத்தில் முளைத்த தமனிக்குள்ளும் ரத்தம் முன்னோக்கி ஏறுகிறது. அது ஆக்சிஜன் குறைந்த ரத்தம்தான், ஆனாலும் குழந்தை எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. நாள் ஆக ஆக நுரையீரல் தளர்ந்து விரிய, அழுத்தம் இறங்குகிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் இது நடக்கவேண்டிய நல்ல காரியம். இந்தக் குழந்தைக்கு மட்டும் அதுவே வினை. வாய்க்கால் தண்ணீர் மேட்டு வயலுக்கு ஏறாமல் பள்ளத்து வயலுக்கு வடிந்துவிடுவதைக் கிராமத்தில் பார்த்தவர்களுக்கு அடுத்தது எளிதில் விளங்கும். வலது தமனியிலிருந்து கிளைகள் வழியாக இடது பக்கத்துக்கு வருகிற கொஞ்ச நஞ்ச நல்ல ரத்தமும் தசைக்குள் போகாமல், இடது தமனியில் பின்னோக்கி ஓடி நுரையீரல் தமனிக்குள் வடிகிறது. இடது கீழறை பட்டினி கிடக்கிறது. தசை செத்து, அறை ஊதிப் பெருக்கிறது. மேலறைக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வைத் தாங்கும் தசைகளும் தளர்ந்து வால்வு ஒழுகுகிறது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்குகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை.

இதெல்லாம் ஆறாவது வாரத்துக்கும் மூன்றாவது மாதத்துக்கும் நடுவில் தலைகாட்டும். நம் ஊரில் அந்த நாட்களில் குழந்தைக்கு என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆறாவது வாரமும் பத்தாவது வாரமும் புதன்கிழமை பார்த்துத் தடுப்பூசி போடுகிறார்கள். குழந்தை அழுதால் ஊசியின் மேல் பழி. ஊசி இல்லையென்றால் தாய் சாப்பிட்ட பலாப்பழத்தின் மேல் பழி. வயிற்று உப்புசம் என்று கிரைப் வாட்டர், ஓமத் தண்ணீர். உரம் விழுந்துவிட்டது என்று சேலையில் போட்டு உருட்டுவார்கள். தொக்கம் எடுப்பார்கள். திருஷ்டி கழிப்பார்கள். படித்த வீடாக இருந்தால் உணவு எதுக்களிக்கிறது என்று சிரப். நான் யாரையும் குறை சொல்லவில்லை. அழுகிற குழந்தைகளில் அநேகமாக எல்லோருக்கும் வயிறு அல்லது பசிதான். அதனால்தான் இது இவ்வளவு எளிதாகத் தப்பிவிடுகிறது.

வித்தியாசம் ஒன்று உண்டு. கைக்குழந்தை செய்கிற ஒரே உடலுழைப்பு பால் குடிப்பதுதான். பெரியவர்களுக்கு மாடி ஏறும்போது நெஞ்சு பிடிப்பதுபோல இதற்குப் பால் குடிக்கும்போது நெஞ்சு வலிக்கிறது. வயிற்று வலிக் குழந்தை குடித்து முடித்த பிறகு முறுக்கிக்கொண்டு அழும், முகம் சிவக்கும். இது பாதிக் குடியில் வாயை எடுத்துவிட்டு வீறிடும், முகம் வெளுக்கும், வியர்க்கும்.

நான் பார்த்த குழந்தைக்கு வருகிறேன். ஊர், ஆண்டு, மருத்துவமனை எதையும் சொல்லப்போவதில்லை. தென் மாவட்டம் ஒன்று, அரசு மருத்துவமனை, அவ்வளவு போதும்.

தாய்க்கு இருபது, இருபத்தொரு வயதுதான் இருக்கும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஈசிஜி அறை வாசலில் நின்றாள். பின்னால் மாமியார், கையில் பிளாஸ்க்கும் ஒயர் கூடையும். சீட்டைப் பார்த்தேன், குழந்தையின் பெயர் போட்டிருந்தது. வயது தவறாக எழுதிவிட்டார்களோ என்று நினைத்து, "யாருக்கம்மா எடுக்கவேண்டும்?" என்று கேட்டேன்.

"இவனுக்குத்தான், சிஸ்டர்."

"எத்தனை மாதம்?"

"இரண்டரை."

"பால் குடிக்கிறானா?"

"குடிக்கிறான். நாலு வாய் இழுப்பான், விட்டுவிட்டு வீல் என்று கத்துவான். கை முழுக்க நனைந்துவிடும், சிஸ்டர்."

"எச்சிலா?"

"இல்லை. வியர்வை."

மாமியார் நடுவில் புகுந்து, "உரம் எடுத்தாயிற்று, தொக்கம் எடுத்தாயிற்று, மந்திரித்தும் பார்த்தாயிற்று அம்மா. இவளுக்குப் பால் பத்தவில்லை, அதுதான் பிள்ளை கத்துகிறான்" என்றார். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையின் தலையைத் தாங்கியிருந்த இடது கையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ரவிக்கைக் கையின் ஓரம், முழங்கை மடிப்புவரை, துணி கறுத்து ஈரமாக இருந்தது. அது மார்கழி மாதம். என் அறையில் மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது.

கைக்குழந்தைக்கு ஈசிஜி எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. பெரியவர்களின் நெஞ்சில் ஒட்டும் ரப்பர் குமிழ்கள் குழந்தையின் நெஞ்சில் ஆறு பொருந்தாது, நாலாவதிலேயே இடம் தீர்ந்துவிடும். ஒட்டும் எலெக்ட்ரோடுகளைக் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டிக்கொள்வேன். ஜெல்லியைத் தாராளமாகப் பூசிவிடக் கூடாது. ஒரு புள்ளியின் ஜெல்லி அடுத்த புள்ளியோடு கலந்துவிட்டால் வி1 முதல் வி6 வரை நெஞ்சுப் புள்ளிகளின் கோடுகள் எல்லாம் ஒரே மாதிரி வரைந்துவிடும், பார்க்க அழகாக இருக்கும், ஒரு பயனும் இருக்காது. கை, கால் கிளிப்புகளைச் சின்ன மணிக்கட்டில் மாட்ட முடியாது. தோளிலும் தொடையிலும் ஒட்டவேண்டியதுதான். அழுகிற குழந்தையின் கோடு முழுக்கக் கிறுக்கலாக இருக்கும், தசை நடுக்கம் எல்லாம் அதில் பதியும். அதனால் தாயின் மடியிலேயே படுக்கவைத்து, விரலைச் சப்பக் கொடுத்து, அடங்குகிற அந்தப் பத்து விநாடிக்காகப் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருப்பேன்.

அன்றைக்கும் காத்திருந்தேன். காகிதம் வெளியே வந்தது. பெரியவர்களுடைய மாரடைப்புக் கோட்டை நாள் முழுக்கப் பார்த்துப் பழகிய கண் இது. முதலில் எனக்கு என் கண் மேல்தான் சந்தேகம் வந்தது.

ஏவிஎல் என்று ஒரு லீட் உண்டு. இதயத்தை இடது தோள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கிற கோணம் அது. அதில் ஒவ்வொரு துடிப்பும் மேலே எழும்புவதற்கு முன்னால் ஆழமாகக் கீழே இறங்கி எழுந்திருந்தது. அந்தப் பள்ளத்துக்கு க்யூ அலை என்று பெயர். முதல் லீட்டிலும் அதே பள்ளம், வி5, வி6-இலும் அதே. பச்சைக் குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று, ஏவிஎஃப் என்ற கீழ்ப்பக்க லீட்களில் க்யூ அலை இருப்பது சகஜம். இந்தக் குழந்தைக்கு அங்கே அது இல்லை, இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. ஏவிஎல்-இல் பள்ளம் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாகவும், விநாடியில் ஆயிரத்தில் முப்பது பங்குக்கு மேல் அகலமாகவும் இருந்தால் இதய டாக்டர்கள் உஷாராவார்கள் என்பது எனக்குப் பின்னாளில் தெரிந்த அளவுகோல். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், சக்கரை வியாதியோடு வருகிற அறுபது வயதுக்காரரின் கோட்டைக் கைக்குழந்தையின் நெஞ்சு வரைந்திருக்கிறது என்பது மட்டும்தான்.

இப்படி ஒன்று வந்தால் உடனே கொண்டுபோய்க் காட்டிவிடக் கூடாது. வலது கை ஒயரும் இடது கை ஒயரும் மாறியிருந்தாலும் ஏவிஎல் தலைகீழாக நிற்கும். அதற்கு ஒரு சோதனை: முதல் லீட்டில் பி அலை, அதாவது ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்திலும் வரும் சின்ன மேடு, நிமிர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கவிழ்ந்திருந்தால் ஒயர் மாறியிருக்கிறது, இல்லாவிட்டால் இதயமே வலப்பக்கம் இருக்கிறது. இங்கே நிமிர்ந்திருந்தது. சிவப்பு வலது தோளில், மஞ்சள் இடது தோளில், சரி. அளவுக்குறி பத்துக் கட்டம் நின்றிருந்தது. அதுவும் முக்கியம். அலை உயரமாக இருக்கிறதே என்று மெஷினைப் பாதி அளவில் வைத்து எடுத்துவிடுவோர் உண்டு. அப்போது மூன்று மில்லிமீட்டர் ஒன்றரையாகச் சுருங்கி, யார் கண்ணிலும் படாமல் போய்விடும். எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, புதிதாக ஒட்டி, மறுபடி எடுத்தேன். அதே பள்ளம்.

வழக்கமாகக் காகிதத்தைக் கிழித்துச் சீட்டோடு பின் செய்து அட்டெண்டரிடம் கொடுத்துவிடுவோம். அன்று நானே எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். குழந்தைகள் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த சின்னப் பெண் ஒருத்தி பணியில் இருந்தாள். ஈசிஜி எழுதியதும் அவள்தானாம். வார்டில் அவளுக்கு மேலே இருந்தவர்கள் இதற்கு எதற்கு ஈசிஜி என்று சிரித்திருக்கிறார்கள். குழந்தையின் கேஸ் ஷீட்டில் முதலில் நிமோனியா என்று எழுதி, பிறகு எக்ஸ்ரேயில் இதயம் நெஞ்சின் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, வைரஸால் வந்த இதயத் தசைப் பலவீனமாக இருக்கலாம் என்று மாற்றியிருந்தார்கள். வெளியே ஒரு ஸ்கேன் சென்டரில் எடுத்த எக்கோ ரிப்போர்ட்டும் இருந்தது. இடது கீழறை பெருத்திருக்கிறது, சுருங்கும் திறன் மிகக் குறைவு, வால்வு ஒழுகுகிறது. எல்லாம் சரி. இதயத் தமனிகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று ஒரு வரி இல்லை.

இந்த ஒரு வரியைப் பற்றித்தான் எனக்கு இன்றைக்கும் கோபம். பெருத்த, பலவீனமான இதயத்தோடு ஒரு கைக்குழந்தை வந்தால், இடது தமனி பெருந்தமனியிலிருந்துதான் கிளம்புகிறதா என்று தேடிப் பார்த்து எழுதாத எக்கோ முடிந்த எக்கோ இல்லை. தசைப் பலவீனம் என்று எழுதிவிட்டால் மருந்து கொடுத்துக்கொண்டே காத்திருப்பார்கள். அல்காபா என்று எழுதினால் அறுவை சிகிச்சைக்கு அனுப்புவார்கள். எழுதுவது எளிதல்ல என்பதும் தெரியும். நெல்மணியைவிட மெல்லிய குழாய், நிமிடத்துக்கு நூற்றைம்பது முறை துடிக்கிற இதயத்தின் மேல். சில கோணங்களில் அது பெருந்தமனியோடு ஒட்டியிருப்பதுபோலவே திரையில் ஏமாற்றும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் குழாயைத் தேடுவதோடு நிற்காமல், நிறம் காட்டும் டாப்ளரைப் போட்டு ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்கிறார்கள், வலது தமனி வழக்கத்தைவிடப் பருத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சந்தேகம் இருந்தால் ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோ.

அந்தப் பெண் டாக்டர் ஸ்கேலை வைத்துப் பள்ளத்தை அளந்தாள். "அக்கா, ஒயர் மாறவில்லையே?" என்று கேட்டாள். கேட்டதற்காக அவளை எனக்குப் பிடித்தது. பிறகு காகிதத்தைப் படமெடுத்துச் சென்னையில் தனக்குத் தெரிந்த குழந்தைகள் இதய டாக்டருக்கு அனுப்பினாள். பத்து நிமிடத்தில் போன் வந்தது. எதிர்முனையில் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆக்சிஜன் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?" என்பது. மூக்கில் குழாய் வைத்து வேகமாகவே விட்டிருந்தார்கள். மூச்சு வாங்குகிற குழந்தைக்கு யாரும் அதைத்தான் செய்வார்கள். அவர் குறைக்கச் சொன்னார். ஆக்சிஜன் அதிகமானால் நுரையீரல் ரத்தக் குழாய்கள் இன்னும் தளரும், அங்கே அழுத்தம் இன்னும் இறங்கும், இதயத் தசைக்குப் போகவேண்டியது இன்னும் வேகமாக அங்கே வடியும். நல்லது என்று நாம் ஊற்றுவது அவனிடமிருந்து பிடுங்குகிறது. வார்டில் இருந்த நர்ஸ்கள் எல்லோரும் அதை இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் குமிழைத் திருகினார்கள்.

அன்று இரவே 108-இல் ஏற்றினார்கள். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியிலிருந்து நேராகச் சென்னைக்குப் பஸ் ஏறினார். காப்பீட்டு அட்டை மாமியாரின் ஒயர் கூடையில், பிளாஸ்க்குக்கு அடியில், பாலிதீன் பைக்குள் பத்திரமாக இருந்தது. மந்திரிக்கப் போகும்போதும் அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கிழவி மேல் எனக்கு இருந்த எரிச்சல் அத்தோடு போனது.

பிறகு நான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1885-இல் டப்ளினில் புரூக்ஸ் என்ற உடற்கூறு ஆசிரியர், அறுத்துப் படிக்க வந்த உடல்களில் இரண்டில் இதயத் தமனி ஒன்று நுரையீரல் தமனியிலிருந்து கிளம்புவதைப் பார்த்திருக்கிறார். குழந்தைகள் அல்ல, வளர்ந்தவர்கள். வலது தமனியின் கிளைகள் போதுமான அளவு விரிந்துவிட்டால் சிலர் இப்படியே வளர்ந்துவிடுகிறார்கள். அந்தக் குழாயில் ரத்தம் தலைகீழாக ஓடியிருக்கவேண்டும் என்று, ஓடுவதை ஒருபோதும் பார்க்காமலே, அவர் ஊகித்திருக்கிறார்.

1933-இல் பாஸ்டனில் பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் என்ற மூன்று டாக்டர்கள் மூன்று மாதக் குழந்தை ஒன்றைப் பற்றி எழுதினார்கள். பால் குடிக்கும்போது வருகிற வேதனை, வெளுப்பு, வியர்வை எல்லாவற்றையும் எழுதி, பெரியவர்களின் நெஞ்சு வலி போன்றதுதான் இது என்றார்கள். குழந்தை இறந்த பிறகு அறுத்துப் பார்த்துத்தான் காரணம் தெரிந்தது. இன்றும் இந்த நோய்க்கு அந்த மூவரின் பெயரும் உண்டு. நடுவில் இருக்கும் ஒயிட், 1955-இல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது வைத்தியம் பார்த்தவர். கார்லண்ட் குழந்தைகள் டாக்டர். என் தொழில் புத்தி வேறொன்றை யோசித்தது: 1933-இல் ஈசிஜியில் மூன்று லீட்கள்தான். நெஞ்சில் வைக்கும் லீட்களுக்கு 1938-இல்தான் இடம் நிர்ணயித்தார்கள். ஏவிஎல் வந்தது 1942-இல். நான் ஒரே பார்வையில் பார்த்த லீட்டே அவர்களிடம் இருந்திருக்காது. மூன்றே கோடுகளை வைத்துக்கொண்டு அவர்கள் அவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள்.

புரூக்ஸ் ஊகித்ததை நேரில் காட்டியவர்கள் பால்டிமோரில் சபிஸ்டன், நீல், டௌசிக் ஆகியோர். 1960-இல் எழுதினார்கள். அறுவை மேஜையில் இடது தமனியை அது முளைக்கிற இடத்தில் அழுத்திப் பிடித்தபோது, அதற்குள் அழுத்தம் குறையாமல் ஏறியிருக்கிறது. உள்ளே இருந்ததும் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம். அதாவது நுரையீரல் தமனி அதற்கு ரத்தம் கொடுக்கவில்லை, அதனிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. அன்றைய வைத்தியம் அந்தத் தமனியை அங்கேயே கட்டிவிடுவதுதான். திருட்டு நிற்கும், ஆனால் இதயம் ஒற்றைத் தமனியோடு காலம் தள்ளவேண்டும். பிறகு பல வழிகள் வந்தன. 1979-இல் ஜப்பானின் தக்கேயுச்சி, நுரையீரல் தமனிக்கு உள்ளேயே ஒரு சுரங்கம் அமைத்து ரத்தத்தைக் கொண்டுபோகும் வழியைச் சொன்னார். இப்போது பெரும்பாலும் தமனியை அதன் வேரைச் சுற்றியிருக்கும் வட்டமான சுவரோடு சேர்த்து வெட்டியெடுத்து, பெருந்தமனியில் சரியான இடத்தில் தைத்துவிடுகிறார்கள்.

நம் பையனுக்கும் அதைத்தான் செய்தார்கள். அறுவைக்குப் பிறகு சில நாட்கள் நெஞ்சை மூடாமலே வைத்திருந்தார்களாம். வீங்கியிருக்கும் இதயத்தை எலும்புக்கூட்டுக்குள் வைத்து அமுக்க முடியாது என்பதற்காக அப்படிச் செய்வார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்ததைத் தாய் என்னிடம் போனில் சொன்னபோது, "மேலே பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறார்கள், சிஸ்டர். உள்ளே துடிப்பது தெரிகிறது. நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்" என்றாள். மாமியார் பார்க்க மறுத்து வெளியே உட்கார்ந்துவிட்டார்.

இந்த நோயில் எனக்கு ஆச்சரியமான பகுதி இனிமேல்தான். பட்டினி கிடந்த தசை எல்லாம் செத்த தசை அல்ல. பெரும்பகுதி உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு வேலையை நிறுத்திவைத்திருக்கிறது. ரத்தம் வந்ததும் மெல்ல மெல்ல மறுபடி சுருங்க ஆரம்பிக்கிறது. பெரியவர்களின் மாரடைப்பில் இந்த அளவுக்கு நான் பார்த்ததில்லை. அவன் ஒரு வயதுப் பரிசோதனைக்கு வந்தபோது இடது கீழறை சாதாரண அளவுக்கு வந்திருந்தது, வால்வு ஒழுகலும் குறைந்திருந்தது. நெஞ்சின் நடுவில் ஒரு நீளக் கோடு. என்னைப் பார்த்ததும் ஓ என்று அழுதான். சிவந்துபோய் அழுதான், வெளுக்கவில்லை. அன்று ஈசிஜி எடுக்க அவன் விடவேயில்லை, கிறுக்கலோடுதான் காகிதத்தை அனுப்பினேன்.

இதய டாக்டர்கள் இதே குடும்பத்தில் வேறு சிலவற்றையும் சொல்வார்கள். இடதுக்குப் பதில் வலது தமனி நுரையீரல் தமனியில் முளைப்பது, அது இன்னும் அரிது. இரண்டும் பெருந்தமனியில்தான், ஆனால் ஒன்று தவறான பக்கத்திலிருந்து கிளம்பி இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவே நசுங்கிப் போவது. ஒரு தமனியே இல்லாமல் பிறப்பது. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மாரவிச் இந்தக் கடைசி வகை. பத்துப் பருவங்கள் தொழில்முறையில் ஆடி முடித்தவர், 1988-இல் 40 வயதில் நண்பர்களோடு விளையாடிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்து இறந்தார். இடது தமனி இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இந்த வகைகள் கைக்குழந்தையில் அழுகையாக வருவதில்லை, பெரும்பாலும் ஓடுகிற வயதில்தான் வருகின்றன.

பீட் மாரவிச் கதையை நான் பையனின் தாயிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று என் மகள் சொல்கிறாள். ஆனால் அந்தத் தாய் தானாகவே கேட்டாள். பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். விளையாட்டு ஆசிரியர் அவன் நெஞ்சிலிருக்கும் கோட்டைப் பார்த்துவிட்டு, டாக்டர் சீட்டு இல்லாமல் கபடியில் சேர்க்கமாட்டேன் என்றிருக்கிறார். மாமியார் கபடியே வேண்டாம் என்கிறார். தாய் சென்னைக்கு அழைத்துப் போய்க் கேட்டிருக்கிறாள். தைத்த இடம் குறுகாமல் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் எக்கோ பார்க்கவேண்டும், போட்டி விளையாட்டுக்கு முன்னால் டிரெட்மில் சோதனை செய்யவேண்டும், அதற்கு இன்னும் கொஞ்சம் வளரட்டும், இப்போது வைத்தால் பெல்ட்டின் மேல் உட்கார்ந்துகொள்வான் என்று டாக்டர் சிரித்தாராம். அதுவரை தெருவில் ஓடுவதற்கு யாரிடமும் சீட்டு வாங்கவேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டைத்தான் அவள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். மாமியாரிடம் படித்துக் காட்டச் சொல்லி அனுப்பினாள். படித்துக் காட்டினேன். "தெரு என்றால் எந்தத் தெருவரைக்கும்?" என்று கேட்டார்.